ஹாரோ கிழக்கில் தோற்றவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்ட்ராட்ஃபோர்ட்-போ தொகுதியில் தொழிற்கட்சி சார்பில் ஜெயித்து, பிரிட்டிஷ் பார்லிமென்டின் முதல் தமிழ்ப் பெண் எம்பியான உமா குமரனைப் பாராட்டிய உங்கள் குறிப்பைப் படித்தேன். 2024இல் பிரிட்டன் முழுக்க தொழிற்கட்சி அலை. கிழக்கு லண்டனோ அவர்கள் கோட்டை. யாரை நிறுத்தியிருந்தாலும் ஜெயித்திருப்பார்கள். இதில் கொண்டாட என்ன இருக்கிறது?

ர.

அன்புள்ள ர.,

ஸ்ட்ராட்ஃபோர்ட்-போ பாதுகாப்பான தொகுதிதான், மறுக்கவில்லை. பதினோராயிரத்துக்கும் மேல் வாக்கு வித்தியாசம். ஆனால் அப்படிப்பட்ட இடத்தில் கஷ்டமே சீட்டு வாங்குவதில்தான் இருக்கிறது. புதுமுகத்துக்கு அங்கே கட்சிகள் லேசில் தூக்கிக் கொடுப்பதில்லை. முதலில் ஒரு கரடுமுரடான தொகுதியில் போய் வீடு வீடாகக் கதவு தட்டச் சொல்வார்கள். பின்னாளில் பிரதமரானவர்களே இப்படித்தான் வந்தார்கள். மார்கரெட் தாட்சர் டார்ட்ஃபோர்டில் 1950, 1951 என்று அடுத்தடுத்து தோற்றவர். பார்லிமென்டுக்குள் நுழைய 1959 ஆயிற்று. தெரசா மேயும் இரண்டு முறை தோற்றுத்தான் வந்தார். டோனி பிளேருக்கு 1982 பீக்கன்ஸ்ஃபீல்ட் இடைத்தேர்தலில் டெபாசிட்டே போனது. அடுத்த வருஷமே வேறு தொகுதியில் எம்பி!

உமாவுக்கு அமைந்த அந்த முதல் தொகுதி லண்டனின் ஹாரோ கிழக்கு. தமிழர்கள் கணிசமாக வாழும் பகுதி. 2015இல் கன்சர்வேடிவ் கட்சியின் பாப் பிளாக்மேனிடம் 4,757 வாக்குகளில் தோற்றார். அப்புறம் ஒன்பது வருஷம். லண்டன் மேயர் சாதிக் கானிடம் வேலை பார்த்தார், பருவநிலை மாற்றத்துக்காகப் பெருநகர மேயர்கள் சேர்ந்து நடத்தும் சி40 அமைப்பில் இருந்தார். அதற்குப் பிறகுதான் கிழக்கு லண்டனில் சீட்டு கிடைத்தது. பிரிட்டிஷ் பார்லிமென்டின் முதல் தமிழ்ப் பெண் ஆனார்.

அலை என்கிறீர்களே, அதே 2024இல் ஹாரோ கிழக்கில் என்ன நடந்தது தெரியுமா? பிளாக்மேன் மறுபடி ஜெயித்தார். பதிவான வாக்கில் பாதிக்கு மேல் வாங்கிய ஒரே கன்சர்வேடிவ் எம்பி அவர்தான். 2015இல் உமா மோதியது அந்தச் சுவரில்.

'முதல் தமிழ்ப் பெண்' என்பதற்காக மட்டும் ஆளாளுக்கு மாலை போடுவது எனக்கும் கொஞ்சம் கூச்சம்தான். அவருடைய பெற்றோர் இலங்கைப் போருக்குத் தப்பிப் போனவர்கள். அவரோ இன்று பார்லிமென்டின் வெளியுறவுக் குழுவில் உட்கார்ந்திருக்கிறார். அங்கே என்ன கேள்வி கேட்கிறார் என்று பாருங்கள். திட்டுவதானால் அதை வைத்துத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.