நீளமான தமிழ்ப் பெயருள்ள ஃபைல்களை சிடி, டிவிடியில் ரைட் செய்தால் பெயர் பாதியில் வெட்டுப்படுகிறது. என்ன செய்யலாம்?

இதில் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. அதனால் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்கள் ஊர்க் கோயிலில் நடந்த கதாகாலட்சேபத்தைப் பெரியப்பா 1987-இல் டேப்பில் பதிவு செய்து வைத்திருந்தார். 12 கேசட், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். அவற்றைக் கணினியில் ஏற்றி எம்பி3 ஆக மாற்றிக் கொடுத்தேன். பெயர் வைக்கும் வேலையை மட்டும் அவர் என்னிடம் விடவில்லை. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் பெயர் வைத்தால் எப்படி இருக்கும்? "நம்மூர் பெருமாள் கோயில் மார்கழி உற்சவம் கதாகாலட்சேபம் 1987 சீதா கல்யாணம்". பன்னிரண்டுக்கும் முன்பாதி இதேதான். கடைசியில்தான் சபரி மோட்சம், வாலி வதம், விபீஷண சரணாகதி என்று மாறும்.

ஒரு மணி நேரப் பதிவு ஏறக்குறைய 55 எம்பி. பன்னிரண்டும் 700 எம்பி சிடியில் அழகாக அடங்கின. ரைட் செய்யும்போது மென்பொருள் ஏதோ எச்சரித்தது. நம் வழக்கப்படி படிக்காமலே 'சரி' கொடுத்தேன். டிஸ்க்கில் இடம் இல்லையென்று மூல ஃபைல்களையும் அன்றே அழித்துவிட்டேன். மறுநாள் சிடியைத் திறந்தால் சீதா கல்யாணம் வெறும் 'ச' ஆகியிருந்தது. சபரி மோட்சமும் 'ச' தான். இரண்டும் ஒரே பெயராகிவிட்டதால் மென்பொருள் தானாகவே எண் போட்டு வைத்திருந்தது. எது எதுவென்று தெரியவில்லை.

காரணம் இதுதான். சிடிக்கான அடிப்படை முறை ஐஎஸ்ஓ 9660, 1988-இல் வந்தது. அதன் முதல் நிலையில் பெயருக்கு எட்டு எழுத்து, பின்னொட்டுக்கு (ஃபைல் வகையைக் காட்டும் எம்பி3 போன்றது) மூன்று, அதுவும் ஆங்கிலப் பெரிய எழுத்து, எண், அடிக்கோடு மட்டும். அடுத்த நிலையில் 31 வரை போகலாம். தமிழுக்கு அங்கே இடமே இல்லை. விண்டோஸ் 95 காலத்தில் மைக்ரோசாஃப்ட் அதன்மேல் ஜோலியட் என்ற நீட்டிப்பைக் கொண்டுவந்தது. அதில் எல்லா மொழி எழுத்துக்கும் குறியீடு தரும் யூனிகோட் உண்டு, ஆனால் பின்னொட்டையும் சேர்த்து 64 குறியீடுகள்தான்.

64 போதாதா என்று தோன்றும். தமிழுக்குப் போதாது. நாம் 'மாப்பிள்ளை' என்றால் ஐந்து எழுத்து என்போம், யூனிகோடுக்கு அது பத்து. புள்ளி, கால், கொக்கி எல்லாம் தனித்தனிக் குறியீடு. பெரியப்பாவின் பொதுப் பகுதியை எண்ணிப் பார்த்தேன்: இடைவெளியும் ஆண்டும் சேர்த்து நம் கண்ணுக்கு 39, கணினிக்கு 59. எம்பி3 பின்னொட்டு புள்ளியோடு நான்கு. ஆக 63. மிச்சம் இருந்த ஒரே இடத்தில் 'ச' உட்கார்ந்துகொண்டது. அதன் ஈகாரக் குறிக்குக்கூட இடமில்லை!

சரி, வழி என்ன? முதலில் அந்த டிஸ்க் எதில் ஓடப்போகிறது என்று பாருங்கள். கணினியில் மட்டும் என்றால், நீளமான பெயரை ஏற்கும் இன்னொரு டிஸ்க் முறையான யுடிஎஃப்-இல் ரைட் செய்யுங்கள். இம்ஜ்பர்ன் என்ற ரைட் செய்யும் மென்பொருளில் ஃபைல் சிஸ்டம் என்ற இடத்தில் யுடிஎஃப் மட்டும் தேர்ந்தால் போதும். விண்டோஸ் தானே கேட்கும் இரண்டு விருப்பங்களில் 'யுஎஸ்பி டிரைவ் போல' என்பதும் யுடிஎஃப்தான். இதில் பெயருக்கு 255 பைட். முதல் பைட் எந்த வகைக் குறியீடு என்று சொல்வதற்குப் போய்விடும். மீதி 254-இல் தமிழுக்கு ஒவ்வொன்றுக்கும் இரண்டு பைட் என்று 127 குறியீடுகள் கிடைக்கும். பெரியப்பாவுக்கே அது போதும்.

லினக்ஸ்காரர்கள், ஐஎஸ்ஓ 9660-க்கு ராக் ரிட்ஜ் என்ற இன்னொரு நீட்டிப்பு இருக்கிறதே என்பார்கள். அதிலும் 255 பைட்தான். ஆனால் அங்கே ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட் பிடிக்கும், ஆகவே 85 தான். விண்டோஸ் அதைப் படிக்கவும் படிக்காது. லினக்ஸில் டிஸ்க் ரைட் செய்யும் கே3பி மென்பொருளில் ஜோலியட்டை 103 வரை நீட்டும் விருப்பம் உண்டு. அது விதிக்குப் புறம்பானது. எல்லா இடத்திலும் ஓடும் என்று நம்பி நான் பயன்படுத்த மாட்டேன்.

காரிலோ பழைய டிவிடி பிளேயரிலோ போடப்போகிறீர்கள் என்றால் யுடிஎஃப் டேட்டா டிஸ்க்கைப் பல பிளேயர்கள் கண்டுகொள்ளாது. தமிழ் எழுத்தையே கட்டம் கட்டமாகக் காட்டுபவையும் உண்டு. அங்கே ஜோலியட்டோடு இருந்துகொண்டு பெயரைச் சுருக்குவதே மேல். மாறும் பகுதியை முன்னால் கொண்டுவாருங்கள்: "01 சீதா கல்யாணம்". கோயில், மாதம், ஆண்டு எல்லாவற்றையும் ஃபோல்டர் பெயருக்குத் தள்ளிவிடலாம். முழுப் பெயரை எம்பி3-க்குள் இருக்கும் டேகில், தலைப்பு என்ற இடத்தில் எழுதிவிடுங்கள். எம்பி3 டேகுக்கான ஐடி3 முறையில் இரண்டாம் பதிப்பு என்றால் நீளம் பிரச்சினையில்லை. முதல் பதிப்பில் தலைப்புக்கு 30 பைட்தான், அது வேண்டாம்.

எல்லாவற்றையும் 7இசட் (ஜிப் போன்ற சுருக்க ஃபைல்) வகையில் ஒரே கட்டாகக் கட்டி ரைட் செய்வோரும் உண்டு. உள்ளே பெயர்கள் அப்படியே இருக்கும். எனக்கு அதில் பயம்: டிஸ்க்கில் ஒரு கீறல் விழுந்தால் ஒரு பாட்டோடு போகாது, மொத்தக் கட்டும் திறக்காமல் போகலாம்.

எங்கள் சிடியின் கதையைக் கேட்கிறீர்களா? பதிவுக்கு ஒன்றும் ஆகவில்லை, பெயர்தான் போயிருந்தது. பெரியப்பாவை உட்காரவைத்து ஒவ்வொன்றையும் ஓடவிட்டேன். பாகவதர் தொண்டையைக் கனைத்து நாலு வரி சொல்வதற்குள் "இது வாலி வதம்" என்பார். அரைமணி நேரத்தில் பன்னிரண்டுக்கும் பெயர் வந்துவிட்டது. வேலை முடிந்ததும் நான் புதுப் பெயர் வைத்த பட்டியலைப் பார்த்து, "கோயில் பேரை ஏன் எடுத்தே?" என்று ஒரு சண்டை.