பையன் சிவில் கேக்குறான்னு கலங்காதீங்க ஆச்சி

ஆச்சி, ராமேஸ்வரம் போயிட்டு வந்ததுல இருந்து பையன் பாலம் பாலம்னே இருக்கான், கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம், சிவில் இன்ஜினியரிங்தான் வேணுங்கிறான், உள்ள பொந்தா இருக்குற உத்தரம் எப்படித் தாங்குதுன்னு உங்களைத் தொளைக்கிறான்னு எழுதியிருந்தீங்க. எனக்கு அதப் படிச்சதும் சந்தோசமாயிருச்சு, சரியான கேள்வியத்தான் புடிச்சிருக்கான்.

நம்ம வீட்டு வளவுல மேல போட்டிருக்க பர்மா தேக்கு உத்தரத்தையே பாத்து வளந்த கண்ணுக்கு பொந்து உத்தரம்னா பயமாத்தான் இருக்கும். ஒரு தீப்பெட்டி எடுங்க. உள்தட்ட மட்டும் உருவி ரெண்டு முனையயும் புடிச்சு முறுக்குங்க, லேசா திருகிரும். அதையே கூட்டுக்குள்ள செருகிட்டு முறுக்குங்க, வெறப்பா நிக்கும். இதான் பாக்ஸ் கர்டர், பெட்டி உத்தரம். லாரி ஒரு ஓரமா போனாலோ பாலம் வளைஞ்சு திரும்பினாலோ வர்ற முறுக்க இந்த மூடின பெட்டி தாங்கும், எடையும் கம்மி. 1850லயே பிரிட்டன்ல பிரிட்டானியா பாலத்துல இரும்புப் பெட்டிக்குள்ளதான் ரயிலே ஓடுச்சு.

ஆபத்தான வேலையான்னு கேட்டீங்க, மறைக்க மாட்டேன். 1970ல மெல்போர்ன்ல வெஸ்ட் கேட்டுங்கிற பெட்டி உத்தரப் பாலம் கட்டுறப்ப உத்தரத்தோட பக்கத்துப் பக்கத்துல வர்ற ரெண்டு பாதியும் மட்டம் சேரல, சுமார் 11 செ.மீ. வித்தியாசம், அத அமுக்க கான்கிரீட் கட்டைங்கள ஏத்துனாங்க, இரும்புத் தகடு புடைச்சுக்கிச்சு, அதச் சரி பண்ண போல்ட்டக் கழட்டுனப்ப விழுந்து 35 பேர் செத்துப் போனாங்க. தகடு எங்க மடங்கும்னு கணக்குப் போட்டு, இதச் செய்யாதீங்கன்னு தைரியமா சொல்ற ஆள் வேணும் ஆச்சி, உங்க பையன் அப்படி வரணும்னுதான் சொல்றேன்.

காரைக்குடியிலயே 1952ல ஆரம்பிச்ச அழகப்பா செட்டியார் அரசு இன்ஜினியரிங் காலேஜ் இருக்கு, வீட்டுல இருந்தே போயிட்டு வரலாம், சிவில் முடிச்சுட்டு மேற்படிப்புக்கான கேட் பரீட்சை எழுதி எம்.இ. ஸ்ட்ரக்சுரல் போகட்டும். வெறும் பி.இ.யோட சைட்டுக்குப் போனா மொதல்ல சம்பளம் கம்மி, வெயில், ஊர் ஊரா அலைச்சல், இத அவன்கிட்டயும் சொல்லிருங்க. பெட்டிக்குள்ள ஈரம் தங்கினா துரு வரும், யாரும் பாக்காத எடத்துல அரிக்கும். அந்தத் துருவ ஆராயிற சிக்ரி, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நம்ம ஊர்லதானே இருக்கு, மூணாம் வருசம் அங்க புராஜக்ட் கிடைக்குமான்னு கேட்டுப் பாக்கச் சொல்லுங்க.

கணக்கு மட்டும் புடிக்கணும். பன்னெண்டாவதுல கணக்கு மார்க் எப்படின்னு எழுதுங்க, கவுன்சிலிங்ல காலேஜ், கோர்ஸ் வரிசை குடுக்குற சாய்ஸ் ஃபில்லிங்குக்கு முன்னாடி அவனையும் கூட்டிக்கிட்டு வாங்க.