தணிக்கையா, சான்றிதழா?

கேள்வி: "தணிக்கையே வேண்டாம், கலைஞனுக்கு முழுச் சுதந்திரம் வேண்டும்" என்று ஓர் இயக்குநர் பேசியிருக்கிறாரே, ஒத்துக்கொள்கிறீர்களா?

பதில்: ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எனக்கு அந்தத் 'தணிக்கை' என்கிற வார்த்தையோடுதான் பல வருஷச் சண்டை. கணக்குத் தணிக்கைக்கு வருகிறவர் என்ன செய்வார்? பேரேட்டை வரிவரியாகப் பார்ப்பார், டிக் அடிப்பார், தப்பிருந்தால் ஓரத்தில் குறிப்பு எழுதுவார். பிடிக்காத பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போகமாட்டார். அதே வார்த்தை சினிமாவுக்கு வந்ததும் கிழிப்பது என்றே ஆகிவிட்டது. 1983லேயே படங்களைப் பார்த்து அனுமதி கொடுக்கிற மத்திய வாரியத்தின் பெயரில் 'சென்சாரை' எடுத்துவிட்டுச் சான்றிதழ் என்று வைத்துவிட்டார்கள், ஆனாலும் இன்றுவரை 'சென்சார் ஆயிடுச்சா?' என்றுதான் கேட்கிறோம், ஏனென்றால் 1952ஆம் வருஷச் சட்டம் கொடுத்த வெட்டும் அதிகாரம் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. 2023 திருத்தத்தில் பெரியவர் துணையோடு பிள்ளைகள் பார்க்கலாம் என்கிற யு/ஏவை 7, 13, 16 என்று வயது வாரியாகப் பிரித்தார்கள். நல்ல காரியம். சரி, வயதைச் சொல்லியாயிற்று, அப்புறம் வெட்டு எதற்கு? வசனத்தை மியூட் செய்த இடத்தில் உதடு மட்டும் அசைகிறது, முன்வரிசையில் ஒரு பொடியன் அந்த வார்த்தையைத் தியேட்டருக்கே கேட்கிற மாதிரி கத்துகிறான்.

'ஒரே ஒரு கிராமத்திலே' இடஒதுக்கீட்டை விமர்சித்த படம். அதன் கருத்து எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. அதற்குக் கொடுத்த, எல்லோரும் பார்க்கலாம் என்கிற யு சான்றிதழைச் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. 1989ல் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுத்தது. போராட்டம் நடக்கும் என்ற மிரட்டலுக்குப் பயந்து கருத்தை முடக்கக் கூடாது, பாதுகாப்புக் கொடுப்பது அரசின் கடமை என்றது. நான் அந்தத் தீர்ப்பின் பக்கம்தான். எனக்குப் பிடித்த படத்துக்கு மட்டும் கேட்டால் அது சுதந்திரமே இல்லை.

அந்த இயக்குநரிடம் ஒன்று கேட்கவேண்டும். 2011ல் தமிழ்நாட்டில் கேளிக்கை வரிவிலக்குக்கு யு சான்றிதழ் கட்டாயம் என்று வந்தபோது, பெரியவர்களுக்கு மட்டும் என்கிற 'ஏ' வாங்கிய படத்தை டிவியில் போட முடியாது என்று தயாரிப்பாளர் சொன்னபோது, யாரும் கேட்காமலே காட்சிகளைத் தூக்கிக் கொடுத்தவர்கள் உண்டா இல்லையா? அந்தக் கத்தரியைப் பற்றி எந்த மேடையிலும் பேச்சே வருவதில்லை, அதுதான் எனக்கு ஆத்திரம். வாரியம் எடுக்கச் சொன்னவை ஒரு பட்டியல், வியாபாரத்துக்காக அவரே எடுத்தவை இன்னொரு பட்டியல். அடுத்த படம் வரும்போது இரண்டையும் அனுப்பட்டும், ஒரு வரி விடாமல் இந்தப் பக்கத்திலேயே போடுகிறேன்.