கியூஆர் வசூல் கூடினால் சுற்றுலாக் கூட்டமும் கூடியதா?

கேள்வி: கொடைக்கானலில் சின்ன சாப்பாட்டுக் கடையும் மாடியில் மூன்று அறைகளும் நடத்துகிறேன். 2024 ஏப்ரலை விட 2025 ஏப்ரலில் கியூஆர் வசூல் 30 சதவீதம் கூடுதல். இதை நம்பி இன்னும் இரண்டு அறை கட்டலாமா?

பதில்: இந்த ஒரு எண்ணை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

மொத்த வசூல் 100 ரூபாய் என்று வையுங்கள். அதில் 2024இல் 50 ரூபாய் கியூஆரில் வந்தது, 2025இல் 65 வந்தது. கியூஆர் வசூல் 30 சதவீதம் ஏறிவிட்டது. ஆனால் மொத்தம் அதே 100தான்! காசு கொடுக்கும் பழக்கம் மட்டும் மாறியிருக்கிறது. நாடு முழுக்க யூபிஐ பரிவர்த்தனைகள் 2023 ஆகஸ்டில் முதன்முறையாக மாதம் 1,000 கோடியைத் தாண்டின. 2025 ஆகஸ்டில் 2,000 கோடியைத் தாண்டின. அந்த ஏற்றத்தில் ஒரு பங்கு உங்கள் கடைக்கும் வந்திருக்கும். ஆகவே ரொக்கத்தையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

அப்புறம், நீங்கள் எடுத்த மாதம். புனித வெள்ளி 2024இல் மார்ச் 29, 2025இல் ஏப்ரல் 18. சித்திரை முதல் நாள் 2024இல் ஞாயிறு. 2025இல் திங்கள், அதனால் மூன்று நாள் தொடர் விடுமுறை. மார்ச் முதல் மே வரை கூட்டிப் பாருங்கள். கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கான இ-பாஸ் (நுழைவு அனுமதி) 2024 மே 7இல்தான் தொடங்கியது என்பதையும் மறக்க வேண்டாம்.

உள்ளூர்க்காரரைப் பிரிப்பது அடுத்த வேலை. நியூசிலாந்து அரசு கார்டு செலவை வைத்து வட்டாரச் சுற்றுலாவை மதிப்பிடுகிறது. கார்டுக்காரர் தன் வட்டாரத்துக்கு வெளியே செலவழித்தால் அது சுற்றுலாக் கணக்கு. ரொக்கமும் முன்பே கட்டிய பணமும் விடுபடுவதால் வேறு கணக்கெடுப்புகளோடு சேர்த்துச் சரிசெய்கிறார்கள். உங்களுக்கு வரும் யூபிஐ செய்தியில் ஊர் இருக்காது. சரி, மழைக்கால வேலைநாள் வசூலை உள்ளூர் வியாபாரமாக வைத்துக் கழியுங்கள். தோராயம்தான், ஆனாலும் உதவும்.

இவ்வளவும் கடைக்கு. அறைக்கு முன்பணம் மார்ச்சிலேயே வந்திருக்கலாம். ஆன்லைன் தளத்தில் பதிவானது மொத்தமாக வங்கிக் கணக்கில் விழும். அதைவிட முக்கியம், இடமில்லை என்று நீங்கள் திருப்பி அனுப்பியவர் எந்தப் பணக்கணக்கிலும் வரமாட்டார். அறை கட்டலாமா என்பதற்கு அவர்தான் விடை. இன்றே ஒரு நோட்டுப் போடுங்கள்: எந்தெந்த இரவு மூன்று அறையும் நிரம்பின, எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினீர்கள். ஒரு வருடம் எழுதிய பிறகு, சீசன் அல்லாத சனி, ஞாயிறிலும் ஆட்களைத் திருப்பி அனுப்பியிருந்தால் தாராளமாகக் கட்டுங்கள். மே மாதம் மட்டும்தான் என்றால், பக்கத்து வீட்டு அறைகளை அந்த மாதத்துக்கு வாடகைக்கு எடுத்தாலே போதும்.