எடை குறைக்கும் ஊசியை மாற்றும்போது: விலையும் வாந்தியும்

வாங்குவோர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றி வந்தன. ஒரு ஊசியிலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டும். காசு மிச்சமாக வேண்டும். வயிறு படுத்தக் கூடாது. மூன்றும் சேர்ந்து கிடைக்குமா என்று பார்ப்போம். டோஸை முடிவு செய்வது உங்கள் டாக்டர். அவரிடம் என்ன கேட்க வேண்டும், கடையில் எதில் ஏமாறக் கூடாது என்பதுதான் இங்கே என் வேலை.

கேள்வி: ஐந்து மாதமாக மவுஞ்சாரோ 5 மில்லிகிராம் போடுகிறேன். இப்போது பெரிய தொந்தரவு எதுவும் இல்லை. ஆனால் செலவு தாங்கவில்லை, செமாகுளுடைடுக்கு மாறலாம் என்று இருக்கிறேன். "5-க்குப் பதில் 1 போடுங்க, ஆரம்ப டோஸெல்லாம் உங்களுக்கு வீண் செலவு" என்கிறார் மருந்துக்கடைக்காரர். முதல் மாதம் பட்ட குமட்டலை நினைத்தாலே பயமாக இருக்கிறது. (கோவை வாசகி, வயது 44)

பதில்: கடைக்காரர் உங்கள் பணத்தை மிச்சப்படுத்தப் பார்க்கிறார், வயிற்றை அல்ல. மவுஞ்சாரோவில் இருப்பது டிர்செபடைடு. வெகோவி, ஓசெம்பிக் இரண்டிலும் இருப்பது செமாகுளுடைடு. முன்னது உடம்பில் இரண்டு ஹார்மோன்களின் வேலையைச் செய்கிறது, பின்னது ஒன்றின் வேலையை. இதன் மில்லிகிராமை அதன் மில்லிகிராமாக மாற்ற அதிகாரபூர்வமான கணக்கு கிடையாது. சில டாக்டர்கள் ஆரம்ப டோஸான 0.25-இலிருந்தே தொடங்குவார்கள். பழைய மருந்தை நன்றாகத் தாங்கியவருக்கு அதைவிடச் சற்று மேலே தொடங்குகிறவர்களும் உண்டு. உங்களுக்கு 1 மில்லிகிராமே சரி என்று டாக்டர் சொல்லலாம், சொல்லாமலும் போகலாம். முதல் மாதம் எத்தனை நாள் வாந்தி இருந்தது, எந்த டோஸில் அடங்கியது என்பதைக் கேட்காமல் யாராலும் அதைச் சொல்ல முடியாது. கவுண்டரில் நின்றுகொண்டு நிச்சயமாக முடியாது.

விலைக்கு வருவோம். 2025 மார்ச்சில் மவுஞ்சாரோ இந்தியாவுக்கு வந்தபோது 5 மில்லிகிராம் குப்பி ஒன்று 4,375 ரூபாய், மாதத்துக்கு நான்கு குப்பி, 17,500. வெகோவியின் 0.25 ஊசிப் பேனா அதே ஆண்டு நவம்பர் விலைக்குறைப்புக்குப் பிறகு மாதம் 10,850. கிட்டத்தட்ட ஏழாயிரம் மிச்சம் என்று தோன்றும். ஆனால் 0.25 என்பது மருந்து பழகுவதற்கான டோஸ், அதிலேயே யாரும் நிற்பதில்லை. 0.5, 1, 1.7 என்று ஏறி முழு டோஸான 2.4-க்குப் போனால் அதே நவம்பர் விலைப்படி மாதம் 16,400. மிச்சம் 1,100 ரூபாய்தான்! அதற்காக மறுபடி குமட்டலா என்று நீங்களே யோசியுங்கள். செமாகுளுடைடின் காப்புரிமை 2026 மார்ச்சில் முடிந்துவிட்டதால் மற்ற கம்பெனிகளுக்கும் வழி திறந்திருக்கிறது. அங்கே வித்தியாசம் பெரிதாக இருக்கலாம். எதுவானாலும், ஆரம்ப டோஸின் விலையைக் கேட்காதீர்கள். ஆறு மாதம் கழித்து எந்த டோஸில் நிற்பீர்களோ அதன் விலையைக் கேளுங்கள். இன்னொன்று, இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு 2025-இல் வெளியான ஆய்வில் 72 வாரத்தில் டிர்செபடைடு போட்டவர்களுக்குச் சராசரியாக 20.2 சதவீதமும், செமாகுளுடைடு போட்டவர்களுக்கு 13.7 சதவீதமும் எடை குறைந்தது. விலை குறைந்தால் பலனும் கொஞ்சம் குறையலாம் என்று தெரிந்தே மாறுங்கள்.

மாறுவது என்று முடிவாகிவிட்டால், முதல் சில வாரங்களைப் புதிதாகத் தொடங்குகிறவரைப் போலவே நடத்துங்கள். ஊசி போட்ட ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் மருந்து ரத்தத்தில் உச்சத்துக்குப் போகும், குமட்டலும் பெரும்பாலும் அப்போதுதான். வெள்ளிக்கிழமை ராத்திரி ஊசி, ஞாயிறு மதியம் கல்யாண விருந்து என்றால் கைகழுவும் இடத்தில்தான் நிற்க வேண்டியிருக்கும். இரைப்பை காலியாகவே நேரமாவதால் "போதும்" என்ற உணர்வு வருவதற்குள் சாப்பாடு அதிகமாகிவிடும். நான்கு இட்லி சாப்பிடுகிறவர் இரண்டோடு எழுந்துவிடுவது நல்லது. பரோட்டா சால்னா, நெய் ரோஸ்ட், பஜ்ஜி எல்லாம் முதல் மாதம் வேண்டாம். மோர் சாதம், இட்லி, கஞ்சி பெரும்பாலும் தங்கும். தாளிக்கிற வாசனையே குமட்டுகிறது என்று பல பெண்கள் எழுதுகிறார்கள். அந்த இரண்டு மூன்று நாள் அடுப்படியை வீட்டில் வேறு யாராவது பார்த்துக்கொண்டால் குடி முழுகிவிடாது. சாப்பிட்டதும் படுக்காதீர்கள். தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்காமல் வாய் வாயாகக் குடியுங்கள். வாந்தியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், மலச்சிக்கலைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. நாலு நாள் விட்டுவிட்டு அப்புறம் அவதிப்படுவதைவிட, இரண்டாம் நாளே இசப்கோல் போன்றதை டாக்டரிடம் கேட்டு வாங்குவது மேல்.

இதையெல்லாம்விட ஆளைக் கவிழ்ப்பது பசி. கீழ் டோஸுக்கு இறங்கியதும் அடங்கியிருந்த பசி திரும்ப வரும், ஒரு கிலோ இரண்டு கிலோ ஏறவும் ஏறும். "மருந்து வேலை செய்யவில்லை" என்று தானாகவே டோஸைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம் வாந்தி எடுக்கிறார்கள். நான்கு வாரத்துக்கு ஒரு படி என்பதுதான் முறை. அந்த இடைக்காலத்தில் பருப்பு, முட்டை, மீன், தயிர் என்று புரதத்தை முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வாருங்கள்.

வயிற்றின் மேல்பகுதியில் விடாத கடுமையான வலி, அது முதுகுக்கும் பரவுவது, கூடவே வாந்தி என்றால் கணைய அழற்சியாக இருக்கலாம். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்கவில்லை, சிறுநீர் குறைந்துவிட்டது என்றாலும் ஆபத்துதான். கஷாயம் வைத்துப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: பழைய மருந்து உடம்பை விட்டுப் போகும்வரை ஒரு மாதம் காத்திருந்து புதியதைத் தொடங்க வேண்டுமா? (திருநெல்வேலி)

பதில்: பொதுவாக வேண்டாம். டிர்செபடைடு பாதியாகக் குறைய சுமார் ஐந்து நாள், செமாகுளுடைடு பாதியாக ஒரு வாரம். முழுதாக வெளியேற ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆகும் என்பது சரிதான். ஆனாலும் அடுத்த ஊசி போட வேண்டிய நாளில் பழையதற்குப் பதில் புதியதைப் போடுவதுதான் பெரும்பாலான டாக்டர்களின் வழக்கம். பழைய மருந்தால் வாந்தி இன்னும் ஓயவில்லை என்றால் அடங்கட்டும் என்பார்கள். ஸ்டாக் இல்லை, பணம் இல்லை என்று பல வாரம் விட்டுப் போயிருந்தால் பழைய உயர்ந்த டோஸிலேயே திரும்பத் தொடங்காதீர்கள், வயிறு பழக்கத்தை மறந்திருக்கும். இரண்டையும் ஒரே வாரத்தில் போடுவது கூடவே கூடாது.

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது, சர்க்கரை உண்டு. கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். ஊசி மாற்றிய இரண்டாம் வாரம் வியர்த்து, கை நடுங்கி உட்கார்ந்துவிட்டார். புது ஊசி ஒத்துக்கொள்ளவில்லையா? (தஞ்சாவூர்)

பதில்: ஊசியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. இந்த ஊசிகள் தனியாகச் சர்க்கரையை அபாயமாக இறக்குவது அரிது. கிளிமிபிரைடோடும் இன்சுலினோடும் சேரும்போதுதான் தாழ்சர்க்கரை வருகிறது. அப்பா பாதிச் சாப்பாடுதான் சாப்பிட்டிருப்பார், மாத்திரையோ பழைய அளவிலேயே இருந்திருக்கும். மறுபடி நடுங்கினால் குளுக்கோமீட்டரில் பார்த்து உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள், அடுத்த ஊசிக்கு முன்பே டாக்டரிடம் மாத்திரை அளவைக் குறைக்க வேண்டுமா என்று கேளுங்கள். மெட்ஃபார்மினும் வயிற்றைக் கலக்கும். பிரஷருக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், வாந்தி பேதி நாட்களில் சிறுநீரகத்துக்கு ஆபத்து, அதையும் சொல்லுங்கள். கண் விழித்திரைப் பரிசோதனை செய்து ரொம்ப நாளாகிவிட்டதா? சர்க்கரை வேகமாக இறங்கும்போது ஏற்கெனவே இருக்கும் விழித்திரைக் கோளாறு கூடக்கூடும்.

கேள்வி: வெகோவியிலிருந்து மவுஞ்சாரோவுக்கு மாறுகிறேன். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறேன். ஏதாவது கவனிக்க வேண்டுமா? (சென்னை, 29)

பதில்: ஆமாம், இதைப் பலரும் சொல்வதில்லை. மவுஞ்சாரோ தொடங்கிய பின் நான்கு வாரமும், டோஸ் ஏற்றும் ஒவ்வொரு முறையும் நான்கு வாரமும் மாத்திரையை மட்டும் நம்பக் கூடாது என்று மருந்தின் குறிப்பேடே சொல்கிறது. ஆணுறையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குழந்தைக்குத் திட்டமிட்டால் மவுஞ்சாரோவைக் குறைந்தது ஒரு மாதம் முன்பும், வெகோவியை இரண்டு மாதம் முன்பும் நிறுத்த வேண்டும்.

கேள்வி: பேனாவைவிடக் குப்பி மலிவாகக் கிடைக்கிறது. இன்சுலின் சிரிஞ்சில் இழுத்துப் போட்டுக்கொள்ளலாமா? (திருச்சி)

பதில்: போடலாம், ஆனால் யாராவது உங்கள் கண் முன்னால் இழுத்துக் காட்டிய பிறகு. மவுஞ்சாரோ குப்பி போட்டவர்களுக்கு இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. அது ஒரே டோஸ் குப்பி, அரை மில்லி முழுவதையும் இழுத்துப் போட்டுப் பழகியிருப்பார்கள். பல டோஸ் அடங்கிய செமாகுளுடைடு குப்பி கைக்கு வந்ததும் பழைய பழக்கத்தில் முழுவதையும் இழுத்தால் கதை கந்தல்தான். அமெரிக்காவில் மருந்துக்கடைகள் தயாரித்துக் கொடுத்த செமாகுளுடைடு குப்பிகளில் 5 முதல் 20 மடங்கு வரை போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர்களைப் பற்றி 2024-இல் அங்குள்ள உணவு மருந்து நிர்வாகமே எச்சரித்தது.

சிரிஞ்சில் இருப்பது யூனிட், டாக்டர் எழுதுவது மில்லிகிராம். சாதாரண இன்சுலின் சிரிஞ்சில் 100 யூனிட் ஒரு மில்லி, ஆனால் 40 யூனிட்டே ஒரு மில்லியாக இருக்கும் சிரிஞ்சும் நம் கடைகளில் உண்டு, உறையைப் பாருங்கள். குப்பியில் ஒரு மில்லிக்கு 2.5 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் 0.25 மில்லிகிராமுக்கு 100 சிரிஞ்சில் 10 யூனிட். "0.25 தானே" என்று 25 யூனிட் இழுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். டாக்டரிடம் யூனிட்டிலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: லண்டனில் இருக்கிறேன். மவுஞ்சாரோ விலை ஏறியதால் வெகோவிக்கு மாறுகிறேன். பழைய பேனாவில் நாலு டோஸ் போன பிறகும் மருந்து மிச்சம் தெரிகிறது. ஐந்தாவது டோஸாக இழுத்துப் போடலாம் என்கிறாள் தோழி.

பதில்: 2025 செப்டம்பர் 1 முதல் அங்கே மவுஞ்சாரோ 15 மில்லிகிராமின் பட்டியல் விலை 122 பவுண்டிலிருந்து 330 பவுண்டாக ஏறியதே, அதன் பிறகு இந்த யோசனை எல்லாரிடமும் சுற்றுகிறது. மிஞ்சுவது ஊசி முனையைச் சோதிக்க வைத்த உபரி, டோஸ் அளவுக்கு இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. வேறு சிரிஞ்சைக் குத்தி இழுத்தால் கிருமி புகும் அபாயம் வேறு. தூக்கிப் போடுங்கள். புது ஃபார்மசியில் இடை டோஸில் தொடங்க வேண்டும் என்றால் முன்பு போட்டதற்கு ஆதாரம் கேட்பார்கள். பேனாவின் லேபிளையும் ஆர்டர் ரசீதையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசி ஊசி போட்ட தேதியை மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: மாறியதில் பழைய ஊசி இரண்டு சீல் உடையாமல் இருக்கிறது. கடையில் திருப்பிக் கொடுக்கலாமா? அண்ணிக்குக் கொடுத்துவிடவா? (சேலம்)

பதில்: கடை வாங்காது, வாங்கவும் கூடாது. 2 முதல் 8 டிகிரியில் இருந்திருக்க வேண்டிய மருந்து உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் எப்படி இருந்தது என்பது கடைக்காரருக்குத் தெரியாது. ஃப்ரீஸரை ஒட்டி வைத்து உறைந்திருந்தால் அது குப்பைக்குத்தான். அண்ணிக்கு வேண்டாம். குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் உண்டா, கணையத் தொந்தரவு வந்ததுண்டா என்றெல்லாம் டாக்டர் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் இதைத் தொடங்குவார். இனி ஊசி மாற்றும்போது ஒரு மாதத்துக்கு மேல் வாங்காதீர்கள், "மூணு மாசம் எடுத்தா டிஸ்கவுண்ட்" என்றாலும். ஐஸ் பேக்கோடு, பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் போட்ட பில்லோடு வாங்குங்கள். பில் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பெட்டியைப் பார்த்தாலே போலி என்று சந்தேகம் வந்தால் ஊசியைப் போடாமல், பெட்டியை வீசாமல், மாநில மருந்து கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வாளரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.