பத்து மாதமாகியும் தவழவில்லை, நோன்புக்கு எப்படிப் போவேன்?

மதிப்பிற்குரிய அம்மா,

எனக்குப் பிறந்த ஊர் தேவகோட்டை, வாக்கப்பட்டது பள்ளத்தூர். மகனுக்குப் பத்து மாதம் முடியப்போகிறது. கணவருக்குப் பெங்களூரில் வேலை. வீட்டில் மாமியார், கணவரின் அப்பத்தா, நான், பிள்ளை.

பிள்ளை இன்னும் தவழவில்லை. உட்கார்ந்தபடியே தேய்த்துத் தேய்த்து வளவு முழுக்கச் சுற்றுகிறான். அதே மாதத்தில் பிறந்த நாத்தனார் மகள் தூணைப் பிடித்து எழுந்து நிற்கிறாள். எந்த மாதத்தில் பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் செயலி ஒன்றைப் போனில் வைத்திருக்கிறேன். அதில் 'தவழ்தல்' மட்டும் டிக் ஆகாமல் நிற்கிறது. ராத்திரி பிள்ளை தூங்கிய பிறகும் அதையே எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். தூக்கம் வருவதில்லை. சில நாள் காரணமே இல்லாமல் அழுகை வருகிறது.

அப்பத்தா எதையும் கண்டுகொள்வதில்லை. தட்டில் கிடக்கும் பருக்கையை அவன் இரண்டு விரலால் கிள்ளி வாயில் போடுவதைப் பார்த்து, "கணக்கெழுத ஆள் தயாராயிருச்சு" என்று சிரிப்பார்கள். தாலாட்டுப் பாடினால் அவனும் "த்தா த்தா" என்று கூடவே குரல் கொடுப்பான். எனக்குத்தான் அந்தச் சந்தோஷத்தில் சேர முடியவில்லை.

எங்கள் நகரத்தார் வீடுகளில் கொண்டாடும் பிள்ளையார் நோன்பு வருகிறது. பங்காளிகள் எல்லாரும் பெரிய வீட்டில் கூடுவார்கள். "இன்னும் தவழலையா?" என்று ஆளாளுக்குக் கேட்பார்களே என்று இப்போதே வயிற்றைக் கலக்குகிறது. அவனுக்கு முதல் நோன்பு, அவனும் இழை எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறார் மாமியார். மாவில் நூல்திரி வைத்து ஏற்றி, நெருப்போடு வாயில் போடும் இழையைக் கைக்குழந்தைக்கு எப்படிக் கொடுப்பது? வேண்டாம் என்றால் முறையை மதிக்காத மருமகள் என்பார்களோ? பேசாமல் போகாமலே இருந்துவிடலாமா?

— ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் அந்தப் பருக்கை. போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துச் சின்னப் பொருளைக் கிள்ளி எடுப்பது ஒன்பது, பத்து மாத வாக்கில் வரும் பெரிய திறமை. பிள்ளை நன்றாக உட்காருகிறான், நினைத்த இடத்துக்குப் போய்ச் சேருகிறான், பாட்டுக்குப் பதில் குரல் கொடுக்கிறான். இத்தனையும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாட்டுக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. கையும் முழங்காலும் ஊன்றித் தவழ்வது 5 மாதத்திலும் வரலாம், 13 மாதம் தாண்டியும் வரலாம் என்று அதில் தெரிந்தது. நூற்றுக்கு நான்கு பிள்ளைகள் அப்படித் தவழவே இல்லை. தனியாக நடப்பதற்கோ 8 மாதத்திலிருந்து ஏறக்குறைய 18 மாதம் வரை. உட்கார்ந்தே நகரும் பிள்ளைகள் நடக்கக் கொஞ்சம் தாமதமாவதும் உண்டு.

ஆனாலும் ஒரு தடவை குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். நான் மனநல ஆலோசகர். பிள்ளையைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் அவர். ஒரு பக்கத்துக் கை காலை மட்டும் பயன்படுத்துகிறான், கால் விறைப்பாகவோ துவண்டோ இருக்கிறது, பெயர் சொன்னால் திரும்புவதில்லை, முன்பு செய்ததை இப்போது விட்டுவிட்டான் என்று ஏதாவது தெரிந்தால் நாள் கடத்த வேண்டாம்.

அப்புறம், ஆத்தங்குடிக் கல் பதித்த வழவழப்பான தரையில் முழங்கால் வழுக்கும். ஒரு ஜமக்காளத்தை விரித்து, அவனைக் குப்புறப் போட்டு, எதிரே நீங்களும் படுத்துக்கொண்டு விளையாடுங்கள். சக்கரம் வைத்த வாக்கர் மட்டும் வாங்காதீர்கள். அதில் உட்கார வைப்பதால் பிள்ளை சீக்கிரம் நடந்துவிடாது. முற்றத்துக்கு இறங்கும் படியுள்ள வீட்டில் அது பெரிய ஆபத்து.

அப்பத்தா கண்டுகொள்வதில்லை என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பருக்கையைக் கிள்ளுவதைக் கவனித்தது அவர்தானே? பல் முளைத்தால் பல் கொழுக்கட்டை, படி தாண்டினால் ஒரு பலகாரம் என்று நம் வீடுகளில் பிள்ளை வளர்வதை உன்னிப்பாகத்தான் பார்த்து வந்திருக்கிறார்கள். அங்கே தேதி கிடையாது. பிள்ளை என்றைக்குச் செய்கிறதோ அன்றைக்குக் கொழுக்கட்டை வேகும். தேதி போட்ட அட்டவணையும் தேவைதான், எப்போது டாக்டரைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள. அதற்கு மாதம் ஒரு நாள் திறந்து பார்த்தால் போதும். ராத்திரியில் வேண்டவே வேண்டாம்.

நோன்புக்குக் கட்டாயம் போங்கள். ஆனால் நெருப்பும் நூலும் கைக்குழந்தையின் வாய்க்குப் போகக் கூடாது. சுடும், தொண்டையை அடைக்கும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். அதை மறுப்பாகச் சொல்லாமல், "அத்தை, அவன் பேருக்கு இழையை நீங்க எடுத்துக்குங்க, நான் மடியில வச்சுக்கிறேன்" என்று முன்கூட்டியே கேளுங்கள். பேரனுக்காக எடுத்துக்கொள்வது அவருக்கும் பெருமையாக இருக்கும். தவழ்வதைப் பற்றி யாராவது கேட்டால், "உக்காந்தே வளவைச் சுத்துறான் ஆச்சி" என்று சொல்லிவிட்டு, அவனைத் தரையில் இறக்கி விடுங்கள்.

நோன்புக்குக் கார்த்திகை தீபத்திலிருந்து 21 நாள், இழையின் திரியில் 21 நூலிழை ஏன் என்று அப்பத்தாவிடம் கேட்டுப் பாருங்கள். கடலோடிப் போன செட்டியார்கள் நாளுக்கொரு நூலாக எடுத்துவைத்து நாளெண்ணிய கதையைச் சொல்லக்கூடும். அவர் பாடும் தாலாட்டையும் போனில் பதிந்துகொள்ளுங்கள். பிறகு அதையே நீங்களும் அவன் முகம் பார்த்துப் பாடுங்கள், ராகம் தப்பினாலும் பரவாயில்லை. பேச்சு வருவதற்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை.

இனி உங்களைப் பற்றி. எனக்கு உண்மையான கவலை இங்கேதான். பிள்ளை தூங்கும்போதும் தூக்கம் வராதது, காரணமில்லாத அழுகை, எதிலும் சேர முடியாத மனசு — இவை பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வின் அறிகுறிகளாக இருக்கலாம். பிரசவமான முதல் வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் அது வரலாம். உங்கள் குறை எதுவும் அதில் இல்லை. நன்றாகக் குணமாகக் கூடியது, பால் கொடுக்கும் தாய்க்கும் சிகிச்சை உண்டு. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். வாழவே பிடிக்கவில்லை என்றோ, பிள்ளைக்கு ஏதாவது செய்துவிடுவேனோ என்றோ ஒரு நினைப்பு வந்தால் அந்த நிமிடமே அழையுங்கள், பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லுங்கள்.

எனக்கு எழுதிய இந்தக் கடிதத்தை இன்றைக்கே கணவருக்கும் அனுப்புங்கள். இந்த முறை அவர் இரண்டு நாள் கூடுதலாக லீவு போட்டு வரட்டும். பிள்ளையைக் காட்டப் போகிற அன்றே உங்களுக்கும் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்துவிடலாம்.