சமையல் தளத்தில் டேட்டிங், எடைக்குறைப்பு விளம்பரங்கள் வருகின்றன. தளங்களில் விளம்பரம் காட்டி வருவாய் தரும் கூகுள் ஆட்சென்ஸ் சேவையில் இவற்றை நிறுத்த முடியுமா?

பெருமளவு முடியும். பக்கத்தின் பொருளோடு, பார்ப்பவரின் இருப்பிடத்தையும் இணைய ஆர்வங்களையும் கணக்கில் கொண்டு, பக்கம் திறக்கும் ஒவ்வொரு முறையும் விளம்பரதாரர்களிடையே ஏலம் நடத்தியே ஆட்சென்ஸ் விளம்பரத்தைத் தேர்ந்தெடுக்கிறது. ஆகவே மிளகு ரசச் செய்முறைக்கு நடுவே நீங்கள் காணும் டேட்டிங் செயலி விளம்பரம் உங்கள் வாசகரின் கண்ணில் படாமலே இருக்கலாம்.

கணக்கின் தடைக் கட்டுப்பாடுகள் பகுதியில் டேட்டிங், எடைக்குறைப்பு, சோதிடம் போன்ற பிரிவுகளை முழுமையாகவே அடைத்துவிடலாம். குறிப்பிட்ட ஒரு விளம்பரதாரர் மட்டும் தொல்லை தந்தால், அவருடைய இணைய முகவரியைத் தடைப்பட்டியலில் சேர்த்தால் போதும். அந்த முகவரியை அறிவதற்காக உங்கள் தளத்து விளம்பரத்தை நீங்களே சொடுக்காதீர்கள். அது விதிமீறல், கணக்கே முடங்கக்கூடும். கண்ணில் பட்டதையெல்லாம் அடைப்பதும் நல்லதன்று, ஏலத்தில் போட்டி குறைந்து வருவாயும் குறையும்.

பொருத்தமின்மையைக் காட்டிலும் வாசகரை விரட்டுவது இடையூறுதான் என்பது என் கருத்து. விளம்பரங்களை ஆட்சென்ஸே இடம் பார்த்து வைக்கும் தானியங்கி விளம்பர அமைப்பில், பக்கம் மாறும்போது திரை முழுவதையும் மறைக்கும் வகையை முதலில் அணைத்துவிடுங்கள். கைபேசியில் உள்ளடக்கத்தின் உயரத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் விளம்பரம் இருந்தால், அது இணைய விளம்பரத் துறையினர் அமைத்த ‘சிறந்த விளம்பரங்களுக்கான கூட்டமைப்பின்’ (Coalition for Better Ads) தரநிலையை மீறுவதாகும். அத்தரநிலைகளைத் தொடர்ந்து மீறும் தளங்களின் விளம்பரங்களைக் குரோம் உலாவி 2018 பிப்ரவரி முதல் வடிகட்டி வருகிறது.